அலுமாரியில் உறங்கும் ஒளிநாடாக்கள்

பேராதனையில் மழைக்காலம் என்று தனியே ஒன்றைக் குறிப்பிடுவது கடினம். மகாவலி கங்கை பூங்காவைச் சுற்றி வளைந்தோடும் இவ்வூருக்கு இரு பருவக்காற்றுகளும் மழையைக் கொணர்கின்றன. இடைப்பட்ட மாதங்களிலும் பின்னேர மழை அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. பூங்காவின் மரஞ்செடி கொடிகளுக்கு உயிரூட்டும் இவ்வீரமே, வீட்டு அலுமாரியில் மடித்து வைத்த பட்டுப் புடவைக்கும் புத்தகத்துக்கும் பகையாகி விடுகிறது. அந்த அலுமாரியின் மேற்தட்டிலே, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு, மற்றொரு பொருளும் இருத்தல் கூடும். அதுதான் வீடியோ கசெற். அதன் முதுகிலே 'கலியாணம், 1988' என்றோ, 'அரங்கேற்றம்' என்றோ மங்கிய மையில் எழுதியிருக்கும்.

அண்மையில் நாம் சென்றிருந்த இல்லம் ஒன்றிலே இத்தகைய கசெற் ஒன்றின் கதையைக் கேட்டோம். அவ்வீட்டு அம்மையாரின் திருமணத்தின்போது எடுத்த பதிவு அது. அவருடைய தந்தையார் மணமக்களை வாழ்த்திப் பேசிய காட்சி அதிலே இருந்தது. தந்தையார் மறைந்து நெடுங்காலமாயிற்று. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும் ஆவலில், எவரோ கழித்துவிட்ட பழைய டெக் ஒன்றை வாங்கி வந்து கசெற்றை அதனுட் செலுத்தினர். சில நிமிடங்களில் திரை முழுவதும் வெண்புள்ளிகள் நிறைந்தன. பின்னர் கிரீச்சென்ற ஓசையுடன் எல்லாம் நின்று போயிற்று. கசெற்றை வெளியே இழுத்தபோது நாடா கசங்கிக் கொடிபோலத் தொங்கியது. "அப்பாவின்ர குரலைக் கேக்கத்தான் தம்பி அதைப் போட்டனாங்கள்" என்றார் அம்மையார். கசங்கிய பகுதியிலேதான் அந்த வாழ்த்துரை இருந்தது.

நாடாவிலே பூஞ்சணம் படிந்திருந்தது. டெக்கின் இறப்பர் உருளை காய்ந்து இறுகியிருந்தது. இரண்டையும் எவரும் முன்னதாகப் பார்க்கவில்லை. பழுதுபட்ட நாடா ஒருமுறை ஓடுவதற்கு மட்டுமே வலுவுள்ளதாக இருக்கலாம். அந்த ஒரு முறையை எந்தக் கருவிக்கு அளிப்பது என்பதை ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். இதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

நம் வீடுகளுக்கு வந்த கதை

வீடியோ நாடாவிற் பதியும் முதலாவது நடைமுறைக் கருவியை அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் நாடா இரண்டு அங்குல அகலமுடையது. தொலைக்காட்சி நிலையங்களே அதனை வாங்க முடிந்தது. ஜப்பானிய நிறுவனங்களான சோனி 1975இல் பீற்றாமக்ஸ் முறையையும், ஜே.வி.சி. 1976இல் வி.எச்.எஸ். முறையையும் வெளியிட்ட பின்னரே நாடாப் பதிவு வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்று மீண்டவர்களும் டெக்குகளைக் கொண்டு வந்தனர். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பள்ளிக்கூட நாடகம் ஆகிய யாவும் கசெற்றில் ஏறின.

இதன் அருமையை உணர, சற்று முந்திய காலத்தை எண்ணிப் பார்க்கலாம். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றி, ஈழத்துக் கூத்து மரபுக்குப் புத்துயிர் அளித்தார். அந்நாளில் வீடுகளில் வீடியோக் கருவி இல்லை; கண்டு களித்தோர் தம் நெஞ்சிலே பதித்துக்கொண்டனர். 1980களின் கசெற்றுகளோ, நம்மவரிற் பலருடைய குடும்பங்கள் அசைந்தும் பேசியும் பதிவான முதலாவது ஏடுகள். அவை சிதையுமாயின் இரண்டாம் பிரதி கிடையாது.

ஏடு என்ற சொல்லை நாம் காரணத்தோடுதான் கையாண்டோம். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலே பெருந்தொகையான ஓலைச்சுவடிகள் பேணப்பட்டு வருகின்றன. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, தொடும்போதே ஏடுகள் நொறுங்குவதை எண்ணி அதன் பதிப்புரையிலே மனம் நொந்து எழுதினார். ஓலையை வாசிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். ஒளிநாடாவுக்கோ அதற்கென அமைந்த யந்திரம் வேண்டும். யந்திரம் இல்லையெனில் நல்ல நாடாவும் ஊமைதான். உலகில் வி.எச்.எஸ். டெக்குகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம், 2025ஆம் ஆண்டுக்குள் பிரதி செய்யப்படாத காந்த நாடாக்களிற் பெரும்பாலானவை இழக்கப்படலாம் என்று 2015இலேயே எச்சரித்தது. நாடா சிதைவது ஒருபுறமிருக்க, கருவியும் உதிரிப்பாகமும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் அருகி வருவதே இவ்வெச்சரிக்கைக்குப் பெருங்காரணமாகும்.

டெக்கினுள் நடப்பது என்ன?

வி.எச்.எஸ். நாடா அரை அங்குல அகலமுடையது. கசெற்றைச் செலுத்தியதும் கருவி நாடாவை வெளியே இழுத்து, 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோக உருளை ஒன்றின்மீது சாய்வாகச் சுற்றுகிறது. நம் நாட்டு முறையிலே அவ்வுருளை நிமிடத்துக்கு 1,500 தடவை சுழலும். அதன் விளிம்பிலுள்ள நுண்ணிய வாசிப்புத் தலைகள், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு முழுப் படத்தை நாடாவிலிருந்து எடுக்கின்றன. நாடாவோ செக்கனுக்கு ஏறக்குறைய 23 மில்லிமீற்றர் வேகத்தில் மெல்ல நகர்கிறது. இத்துணை வேகமாகச் சுழலும் தலையிலே பூஞ்சணத் தூள் மோதினால் தலை அடைபட்டுப் போகும். படிந்த தூள் நாடாவைக் கீறவும் கூடும். அதே டெக்கிலே அடுத்து வைக்கும் நல்ல கசெற்றுக்கும் நோய் தொற்றும்.

முதலில் நாடாவைப் பாருங்கள்

கருவியைத் தேடுமுன் கசெற்றின் சிறு சன்னல் வழியே சுருளை உற்று நோக்குதல் வேண்டும். வெண்மையான தூளோ, நூல்போன்ற படலமோ தென்படுமாயின் அதை எந்த டெக்கிலும் இடலாகாது. பையிலிட்டு ஏனையவற்றினின்று பிரித்து வைக்க வேண்டும். பூஞ்சணம் மூச்சுக்குத் தீங்கானது. ஆதலால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே கையாள வேண்டும். பயிற்சியுள்ளவர்கள் அத்தகைய நாடாவை உலர்த்தி, பெட்டியைத் திறந்து துடைப்பர். அவ்வேலைக்கென்றே ஒரு தனி டெக்கை ஒதுக்கி வைப்பவர்களும் உளர்.

பெட்டி உடைந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வி.எச்.எஸ். பெட்டியை ஐந்து திருகாணிகளே இணைத்து வைத்திருக்கின்றன. பயனற்ற வேறொரு கசெற்றின் கூட்டினுள் சுருள்களை மாற்றிவிடலாம். நாடா அறுந்திருந்தால் சாதாரண செலோரேப்பால் ஒட்டுவது பெருந்தவறு. அதன் பசை கசிந்து தலையைக் கெடுக்கும். அதற்கென உள்ள ஒட்டுநாடாவைப் பதிவில்லாத பின்புறத்தில் ஒட்டி, ஒட்டு தலைமீது ஓடாதவாறு இரு பகுதிகளையும் தனித்தனியே பிரதி செய்வது நலம்.

ஓடும்போது நாடா கிரீச்சிட்டு நின்றால், அதன் பூச்சைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்திருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும். காப்பகங்களிலே சிலவகை நாடாக்களை ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் பல மணி நேரம் கட்டுப்பாட்டுடன் வெப்பமூட்டுவர். அஃது அடுப்பங்கரையில் செய்யத்தக்க பரிசோதனையன்று.

எந்த நாட்டு நாடா?

நம் குடும்பங்கள் பல தேசங்களிலே வாழ்கின்றன. அவர்கள் அனுப்பிய கசெற்றுகளும் பல முறைகளில் அமைந்தவை. இலங்கையிலும் இங்கிலாந்திலும் 'பால்' முறை வழங்கியது. அது 625 வரிகளும் செக்கனுக்கு 25 படங்களும் கொண்டது. ரொறன்ரோவிலிருந்து வந்த கசெற், 525 வரிகளும் ஏறத்தாழ 30 படங்களும் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையில் இருக்கும். பாரிசிலிருந்து வந்தது 'சீக்காம்' முறையாயின், நம்மூர் டெக்கிலே அநேகமாகக் கறுப்பு வெள்ளையாகவே தோன்றும். படம் உருண்டோடுகிறதென்று கனடாக் கசெற்றைப் பழுதென எறிந்துவிடுவது எவ்வளவு பெரிய தவறு! அதற்கு என்.ரி.எஸ்.சி. சைகையை உள்ளபடியே வெளியிடும் டெக் வேண்டும். கனடாவிலிருந்து டெக்கைத் தருவிப்போர் அது 120 வோல்ற்றுக்கு ஆக்கப்பட்டதென்பதை மறக்கலாகாது. மின்மாற்றி இன்றி நமது 230 வோல்ற்றில் இணைத்தால் கருகிப் போகும்.

கையடக்கக் கமராக்களின் சிறிய கசெற்றுகளிலும் வேறுபாடு உண்டு. வி.எச்.எஸ்.-சி கசெற்றை ஒரு கூட்டினுள் வைத்துச் சாதாரண டெக்கில் இடலாம். 8 மில்லிமீற்றர் நாடாவுக்கு அவ்வழி இல்லை. அதற்குரிய கமராவே வேண்டும். சோனியின் டிஜிற்றல்-8 கமராக்களிற் பல, பழைய 8 மில்லிமீற்றர் நாடாவையும் வாசித்து எண்ணிம வடிவில் வெளியிட வல்லவை.

டெக்கைத் தேரும் முறை

நல்ல டெக்கின் இலக்கணம் யாது? முதலாவது, 'எஸ்-வீடியோ' என்னும் வெளியீடு. இதிலே ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பிகளிற் செல்வதால் நிறம் சிந்திக் கலங்குவது குறையும். 1987இல் வெளிவந்த சுப்பர் வி.எச்.எஸ். வகை டெக்குகள் இதனைக் கொண்டவை. சாதாரணக் கசெற்றையும் அவை வாசிக்கும். இரண்டாவது, ரி.பி.சி. எனச் சுருக்கமாகக் கூறப்படும் காலச் சீர்படுத்தி. நாடா இழுபட்டுத் தளர்ந்திருந்தால் படத்தின் வரிகள் ஒரே நேரத்தில் தொடங்காமல் முன்பின்னாக அமையும். நேரான தூண் பாம்புபோல நெளியும். இச்சாதனம் வரிகளைத் தேக்கி வைத்து ஒழுங்காக வெளியிடுகிறது. பனசொனிக்கின் என்.வி.-எஃப்.எஸ்.200, ஜே.வி.சி.யின் எச்.ஆர்.-எஸ்.9600 ஆகியவை இவ்வசதியுடன் 'பால்' முறைக்கு வந்த டெக்குகள். மூன்றாவது ஒலி. நாடாவின் ஓரத்தில் ஓடும் ஒலித்தடம் ஒன்று. ஹை-ஃபை டெக்குகள் படத்தோடு சேர்த்துப் பதிந்த ஒலி மற்றொன்று. இரண்டையும் வாசித்துத் தெளிவானதைக் கொள்ளலாம்.

எனினும், பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. பெயர் பெற்ற டெக் இறப்பர் காய்ந்து கிடந்தால், நன்கு பேணப்பட்ட எளிய டெக்கே மேலானது. கடுமையாகப் பழுதான நாடாவிலே ரி.பி.சி. தடுமாறிப் படத்தை மேலும் குலைப்பதும் உண்டு. அப்போது அதனை நிறுத்தி வைக்கவோ, சாதாரண டெக் ஒன்றில் முயலவோ வேண்டும். பதிவு செய்த டெக்கிலேயே தலையின் அமைப்புச் சற்றுப் பிசகியிருந்தால், அந்நாடா வேறு டெக்குகளில் முரண்டு பிடிக்கும். பதிந்த அதே டெக் எவர் வீட்டிலாவது இருக்குமாயின் அதைச் சீர்செய்து பார்ப்பது பயன் தரலாம்.

டெக் எதுவாயினும், முதலில் இழந்தால் கவலையில்லாத ஒரு கசெற்றை அதில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெளியே எடுத்து நாடாவின் விளிம்பை வெளிச்சத்தில் நோக்குங்கள். மடிப்போ கீறலோ இருந்தால் அந்த டெக் உங்கள் தந்தையின் குரலுக்குத் தகுதியற்றது. அருமையான கசெற்றின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்திக் தட்டை முறித்துவிட்டால், தவறுதலாக அதன்மீது பதிவாகும் அபாயமும் நீங்கும்.

எண்ணிமப்படுத்தல்

டெக்கிலிருந்து வரும் சைகையைக் கணினிக்கு ஏற்றும் கருவியிலும் கவனம் தேவை. மலிவான யூ.எஸ்.பி. கருவிகளிற் சில, படங்களை இடையிடையே தவறவிட, ஒலியும் காட்சியும் பொருந்தாமற் போகும். முதற் பிரதியை எதையும் இழக்காத வடிவத்திற் சேமித்தலே முறை. சுருக்கப்படாத ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 75 கிகாபைற் இடம் கொள்ளும். காப்பகங்கள் கையாளும் எஃப்.எஃப்.வி.1 என்ற முறை, ஒரு புள்ளியையும் இழக்காமல் அதனைப் பாதியளவுக்குக் குறைக்க வல்லது. நிறத்தைத் திருத்துவதும் புள்ளிகளை நீக்குவதும் இன்னொரு பிரதியிலேதான் நடைபெற வேண்டும். மூலப் பிரதியை இரு வேறு தட்டுகளிலும், இன்னொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்தல் உத்தமம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைப்பதன் அபாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பேணுவதும் இவ்வுணர்வினாலேயாகும்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் வெயில் எறிக்கும் ஒரு நாளிலே வீட்டு அலுமாரியைத் திறந்து, கசெற்றுகளை எண்ணி, எந்த வகை, எந்த நாடு, எந்த ஆண்டு, யார் யார் தோன்றுகின்றனர் என்று பாட்டியிடமோ அம்மப்பாவிடமோ கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். பூஞ்சணம் உள்ளதைப் பிரித்து வையுங்கள். எல்லாவற்றுள்ளும் அரிய ஒன்றைத் தேர்ந்து, முதலில் அதற்குத் தக்க கருவியைத் தேடுங்கள்.

நாம் குறிப்பிட்ட அம்மையாரின் நாடாவும் முற்றாக அழிந்துவிடவில்லை. கசங்கிய பகுதியை வெட்டி எறியாமல், கைதேர்ந்த ஒருவர் சுத்தம் செய்து புதிய கூட்டில் ஏற்றி, சீரான டெக்கிலே ஒரே ஒருமுறை ஓட்டினார். வாழ்த்துரையின் படம் பெரும்பாலும் போயிற்று. ஓரத்து ஒலித்தடத்திலே சில வசனங்கள் எஞ்சியிருந்தன. பேரப்பிள்ளைகள் கணினியைச் சுற்றி அமர்ந்து அக்குரலைக் கேட்டபோது, அம்மையார் எதுவும் பேசவில்லை. மீண்டும் ஒருமுறை போடும்படி கையால் மட்டும் காட்டினார். எத்தனை முறை போட்டாலும் இனி அது தேயாது.