ஒரு அச்சு, ஒரே சிலை! - சுவாமிமலை ஸ்தபதிகளின் கைவண்ணம்

கோயில் கருவறையில் இருக்கும் மூலவர் பெரும்பாலும் கல்லால் ஆனவர். இடம் விட்டு அசைய மாட்டார். திருவிழாவில் வாசல் தாண்டி வீதிக்கு வருகிறவர் உலோகத்தால் ஆன உற்சவர். நடக்க முடியாத கிழவர், நோயாளி, வேலையை விட்டு வர முடியாத உழைப்பாளி எல்லோருக்கும் அவரவர் வாசலிலேயே தரிசனம் தருபவர் அவர்தான்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் கோயில்களில் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உற்சவர் சிலையின் பீடத்தைக் கூர்ந்து பார்த்தால் துவாரமோ வளையமோ இருக்கும். தண்டில் கட்டித் தூக்குவதற்காக, வார்க்கும்போதே ஸ்தபதி செய்து வைத்த ஏற்பாடு அது.

இத்தகைய சிலைகளை வார்ப்பதற்குப் பேர்போன ஊர் சுவாமிமலை.

காவிரி தந்த மண்

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது சுவாமிமலை. தகப்பனுக்கே மந்திரப் பொருள் சொன்ன முருகனின் படைவீடு. அருகிலுள்ள தாராசுரம் கோயிலைக் கட்டிய சிற்பிகளின் வழி வந்தவர்கள் தாங்கள் என்று இவ்வூர் ஸ்தபதிகள் சொல்வது வழக்கம்.

அவர்கள் இங்கே தங்கியதற்கு முக்கியக் காரணம், ஆற்றின் வண்டல் மண். மாவு போல் நைசானது. மெழுகின் மேல் பூசினால் நகக்கண் முதல் நூலிழை வரை அப்படியே பதிந்துகொள்ளும். சூட்டையும் தாங்கும்.

மெழுகு போய் உலோகம் வரும்

முதல் வேலை அளவு எடுப்பது. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துக் கணக்குப் பிரிப்பார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று சாஸ்திரம் சொன்ன தாலக் கணக்கு அந்த ஓலை மடிப்பில் அடங்கிவிடும்.

பிறகு தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பதமாக்குவார்கள். தலை, உடல், கை, கால் என்று தனித்தனியாகச் செய்து, சூடான கருவியால் ஒட்டுவார்கள். நகையும் உடை மடிப்பும் மெழுகிலேயே வந்துவிடும்.

மெழுகுச் சிலையின் மேல் வண்டல் மண்ணை மெல்லப் பூசி நிழலில் காய வைப்பார்கள். அதற்கு மேல் களிமண்ணும் மணலும் கலந்து மேலும் சில பூச்சு. பெரிய சிலையானால் இரும்புக் கம்பி கொண்டு கட்டுவார்கள்.

காய்ந்த மண் கட்டியை வறட்டி நெருப்பில் சுடும்போது உள்ளே உள்ள மெழுகு உருகி, விட்ட துளை வழியாக வெளியேறிவிடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். அதில் உருக்கிய உலோகத்தை நூல் பிடித்தாற்போல் விடாமல் ஊற்றுவார்கள். நடுவில் கை தயங்கினால் சிலை பழுதாகும். மாதக்கணக்கான உழைப்பு வீணாகும்.

ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளிவரும். மெழுகு உருகிப் போயிற்று; அச்சும் உடைந்து போயிற்று. அதே அச்சில் இரண்டாவது சிலை வார்க்க வழியே கிடையாது. அதன் பிறகு உளியும் அரமும் கொண்டு நாள் கணக்கில் செதுக்கி மெருகேற்றுவார்கள். கடைசியாகக் கண் திறப்பார்கள்.

ஐம்பொன் என்பதால் சிலைக்குள் தங்கம் நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெரும்பகுதி செம்புதான். தங்கமும் வெள்ளியும் பேருக்குச் சேர்ப்பவை.

முயலகன் கதை

இவர்கள் வார்க்கும் சிலைகளில் உலகப் புகழ் பெற்றது நடராஜர். அந்தச் சிலையின் ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு கதை உண்டு.

தாருகாவனத்து முனிவர்களுக்கு, 'யாகம் செய்தால் போதும், கடவுள் தேவையில்லை' என்ற செருக்கு வந்தது. சிவபெருமான் பிச்சை கேட்பவராக அங்கே போனார். திருமால் மோகினியாக உடன் போனார். கோபம் கொண்ட முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து புலியை ஏவினார்கள். சிவன் அதன் தோலை உரித்து உடுத்திக்கொண்டார். பாம்பை ஏவினார்கள். அணிகலனாகப் பூண்டார். கடைசியாக முயலகன் என்ற அசுரனை ஏவினார்கள். அவனைக் காலின் கீழ் அழுத்தி, அவன் மேல் நின்று ஆடினார். முனிவர்களின் செருக்கு அடங்கியது. பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் வேண்ட, அந்த ஆட்டத்தைத் தில்லையிலும் ஆடினார் என்பது புராணம்.

சிலையில் வலது மேல் கையில் உடுக்கை, அது படைத்தல். வலது கீழ்க் கை 'அஞ்சாதே' என்கிறது, அது காத்தல். இடது மேல் கையில் தீ, அது அழித்தல். ஊன்றிய வலது கால் மறைத்தல். தூக்கிய இடது பாதம் அருளல். இடது கீழ்க் கை அந்தப் பாதத்தைத்தான் சுட்டிக் காட்டுகிறது.

முயலகன் கொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் அறியாமையின் உருவம். அறியாமை செத்துப் போவதில்லை. அழுத்தியே வைத்திருக்க வேண்டும் என்பது பெரியோர் கூறும் பொருள்.

லண்டன் கோர்ட்டில் கோயில்

தங்கத்துக்காக அல்ல, இந்தக் கலைக்காகத்தான் வெளிநாட்டில் பணத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். திருட்டுக்கும் அதுவே காரணம்.

1976-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி குடிசை அருகே மண் வெட்டியபோது சோழர் கால நடராஜர் வெளிப்பட்டார். சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. 1982-ல் ஒரு கனடா கம்பெனி அதை வாங்கி, சீர்செய்ய பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்தது. அங்கே போலீசார் சிலையைக் கைப்பற்றினார்கள்.

வழக்கில் இந்திய அரசு, தமிழக அரசு ஆகியவற்றுடன் பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலும் ஒரு கட்சியாகச் சேர்ந்தது. சிற்ப நிபுணர் நாகசாமி சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும், கரையான் விட்டுச் சென்ற தடமும்கூட ஆராயப்பட்டன. வார்ப்புக்கு உதவும் மண், இங்கே சாட்சிக்கும் உதவியது!

1988-ல் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. இடிந்து கிடந்த கோயிலானாலும் வழக்குத் தொடுக்கும் உரிமை அதற்கு உண்டு என்று 1991-ல் அப்பீல் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நடராஜர் தாய்நாடு திரும்பினார்.

ஆனால் சொந்தக் கோயிலுக்குப் போகவில்லை. பாதுகாப்புக் கருதித் திருவாரூர் சிலை மையத்தில் வைக்கப்பட்டார். கடல் கடந்து திரும்பியவருக்கு, சொந்த ஊர் எல்லை எட்டாமல் போயிற்று.

வாங்குவோர் கவனத்துக்கு

100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 'ரொம்பப் பழைய சாமி, மலிவாகத் தருகிறேன்' என்று யாராவது வந்தால், ஏதோ ஒரு ஊர்க் கோயில் பீடம் காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கோ சங்கத்துக்கோ சிலை வேண்டுமானால், லீவில் ஊர் போகும்போது சுவாமிமலையில் இறங்கினால் போதும். சொல்லி வைத்தால் ஓலை மடித்து, மெழுகு பிடித்து, புதிதாகவே வார்த்துத் தருவார்கள். அதுவும் ஒரு அச்சு, ஒரே சிலைதான்.