பாலமுனைப் பாலருக்கு ஒரு வசந்தம்

வசந்தம் என்றதும் கவிஞர் உள்ளத்திலே தென்றல் வீசும்; குயில் கூவும்; கொடி அசையும். ஆனால், மூன்று வயதுப் பாலகனுக்கு வசந்தம் என்பது யாது? அவன் கண்ணால் காண்பதும், மூக்கால் முகர்வதும், கையால் தொட்டுப் பார்ப்பதுமே அவனுடைய வசந்தம். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, நம் பாலர் பாடசாலைகளிலே பருவகாலத்தைப் பாடமாக்கும் முறைபற்றிச் சில கூற விழைகின்றோம்.

பாலர் கல்விக்கென விற்பனையாகும் அச்சுப் படங்கள் பலவற்றில் வசந்தம் என்றால் பனி உருகுகின்றது; டியூலிப் மலர் விரிகின்றது; கம்பளி ஆட்டுக்குட்டி துள்ளுகின்றது. இவை பொய்யல்ல, பிறர் வாசலில் நிகழும் மெய். பிரெடரிக் புரோபெல் என்னும் பேரறிஞர் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837 ஆம் ஆண்டு தொடங்கிய பாலர் கூடத்திற்கு, 1840 இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பெயரளவில் மட்டுமன்று, பிள்ளைகளுக்குச் சிறு சிறு பாத்திகளைப் பிரித்துக் கொடுத்து, அவற்றில் விதைக்கவும் வளர்க்கவும் செய்தார். அவருடைய மாணவர்க்குப் பனி வாசலிலேயே கிடந்தது. நம் பிள்ளைகளின் வாசலில் இருப்பனவோ மணலும், நெல்லும், உப்புக் காற்றும்.

1907 இல் உரோமாபுரியில் முதற் குழந்தையர் இல்லத்தைத் திறந்த மரியா மொண்டிசோரி அம்மையார், 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944 இல் நம் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அவர் பெயரே இன்று நம் ஊர்களில் பாலர் பள்ளிக்குப் பொதுப் பெயராகிவிட்டது. புலன்களின் வழியே அறிவு புகும் என்பது அவ்வம்மையாரின் கொள்கை. பெயர் நிலைத்ததைப் போலக் கொள்கையும் நிலைக்க வேண்டாமா?

நம் கரையின் இளவேனில்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்தது பாலமுனை. கிழக்கே கடல்; மேற்கே வயல். பண்டைத் தமிழ் நூல்கள் சித்திரை, வைகாசி ஆகிய இரண்டினையும் இளவேனில் எனப் பகுத்தன. எனினும், இக்கரையில் மலர்ச்சி அதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. கார்த்திகை, மார்கழியில் கொட்டிய வடகீழ்ப் பருவமழை ஓய்கின்றது. மாசி, பங்குனியில் பெரும்போக வயல் பொன்னிறம் கொள்கின்றது. மாம்பூ பிஞ்சாகின்றது, முள்முருக்கு இலையுதிர்த்துச் செந்நிறப் பூச் சூடுகின்றது. கொந்தளித்த கடலும் மெல்ல அடங்கி, கரைவலைக்கு இடங்கொடுக்கின்றது. இதுவன்றோ பாலமுனைப் பாலகனின் வசந்தம்!

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நோன்பும் பெருநாளும் பிறைக் கணக்கில் வருவன. ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவன. வயலோ சூரியக் கணக்கைப் பின்பற்றுவது. ஆகவே, வானத்துப் பிறையைப் பார்க்கப் பழகும் பிள்ளைக்கு மண்ணின் பருவத்தையும் பார்க்கப் பழக்குதல் தகும். இரண்டும் சேர்ந்தே இவ்வூரின் காலக்கணக்கு.

செய்து கற்கும் சில பாடங்கள்

முதலாவது, பூ நடை. வாரத்திற்கொரு முறை பிள்ளைகளை நிழல் வழியே அழைத்துச் சென்று, உதிர்ந்த பூவையும் இலையையும் மட்டும் பொறுக்கச் செய்க. வகுப்பறைப் பாயில் அவற்றை நிறவாரியாகவும், சிறியது பெரியது என்றும் பிரிக்கட்டும். பூவரசம்பூ இதற்கு மிக ஏற்றது. மஞ்சளாய் விரியும் அப்பூ வாடுங்கால் செந்நிறம் கொள்ளும். காலையில் ஒரு பூவை நீரில் இட்டு, மறுநாளும் அதனைக் காட்டினால், 'நேற்று', 'இன்று' என்ற சொற்களின் பொருளைப் பிள்ளை கண்ணாலேயே கற்கும். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதும் பாடமே.

இரண்டாவது, சிரட்டைத் தோட்டம். மூன்று சிரட்டைகளில் துளையிட்டு, ஈரப் பஞ்சின்மேல் பயறு தூவுக. ஒன்றுக்கு வெளிச்சமும் நீரும் உண்டு. ஒன்றுக்கு நீருண்டு, வெளிச்சமில்லை. மற்றொன்று உலர்ந்த பஞ்சு. இரண்டொரு நாளில் முளை தோன்றும். ஒரு வாரத்தில் வெளிச்சத்துப் பயிர் பச்சையாய் நிமிர்ந்து நிற்கும். இருட்டுப் பயிர் வெளிறி நெடுத்துச் சாயும். நீரில்லாப் பயறு உறங்கும். "ஏன்?" என்று பிள்ளை கேட்கும்வரை ஆசிரியை வாய் திறவாதிருத்தல் நலம். கேள்வி பிள்ளையிடமிருந்தே பிறக்கட்டும்.

மூன்றாவது, வண்ணத்துப்பூச்சி. கறிவேப்பிலை மரத்திலும் எலுமிச்சை மரத்திலும் முட்டையிடும் வகையொன்று உண்டு. அதன் புழு முதலில் பறவையின் எச்சம் போலத் தோன்றும். பின்னர் இலைப் பச்சையாகும். அதன்பின் கூட்டுக்குள் அடங்கி, ஏறக்குறையப் பத்து நாளில் இறக்கையோடு வெளிப்படும். கிளையிலேயே விட்டுத் தினமும் பார்க்கச் செய்க. இக்காலத்திற் கூட்டங்கூட்டமாய்ப் பறக்கும் பூச்சிகள் பாவா ஆதம் மலைக்குச் செல்கின்றன என்று நம் நாட்டில் வழங்கும் கதையையும் சொல்லலாம். பொறுத்திருந்து பார்க்கும் பண்பை இதனினும் நன்றாக ஊட்டும் பாடம் வேறில்லை.

நான்காவது, நெல். சூடு மிதிக்கும் காட்சியும், களவெட்டியில் எழுந்த பொலிப்பாட்டும் அருகிவிட்டன. அறுவடை இயந்திரம் ஓரிரு மணி நேரத்தில் வயலை வெறுமையாக்கிச் செல்கின்றது. சோறு கடையிலிருந்து வருவதென்று விவசாயியின் பேரனே எண்ணும் நிலை வருதல் ஆகாது. ஒரு பிடி கதிரைக் கொண்டுவரச் செய்து, கையால் உதிர்த்து, உமி நீக்கி, அரிசியைக் காணச் செய்க. ஒரு கதிரில் எத்தனை மணி என்று பத்துப் பத்தாய் எண்ணினால் கணிதமும் வந்துவிடும்.

ஐந்தாவது, கடல். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதனைக் கண்ட தாய்மார் இன்றும் கடலென்றால் பிள்ளையை இறுகப் பற்றுவது இயல்பே. எனினும், வாசலிலுள்ள கடலை மறைத்து வைப்பது கல்வியாகாது. அமைதியான காலைப்பொழுதில், ஒரு பெரியவர் கைக்கு ஒரு பிள்ளையாக, அலை எட்டாத மணலில் நின்று சோகியும் சிப்பியும் பொறுக்கட்டும். வலை இழுப்பதைப் பார்க்கட்டும். கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பாராமல் ஊருக்குள் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதையும் விளையாட்டாகவே பழக்குக. அச்சம் அங்ஙனம் அறிவாக மாறும்.

எழுத்து எப்போது?

"இவ்வளவும் சரி, என் பிள்ளை எப்போது 'அ' எழுதும்?" எனப் பெற்றோர் வினவுவர். அவர்தம் ஆர்வத்தை நாம் குறை கூறோம். ஆனால், மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் முற்றாதவை. அக்கையிற் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுத வைத்தால், விரலோடு விருப்பமும் நோகும். பயறு பொறுக்கும் விரலும், இலை சுருட்டும் விரலும், மணலிற் கோடிழுக்கும் விரலுமே நாளை எழுதுகோலை உறுதியாகப் பற்றும். 'பூவரசு' என்ற சொல்லைத் தொட்டு, முகர்ந்து, ஊதி அறிந்த பிள்ளைக்கு 'பூ' என்ற எழுத்து அந்நியமாகத் தோன்றாது. முதலாம் வகுப்பு ஐந்து வயதில் வரும். அதற்குமுன் கிடைக்கும் இரண்டாண்டு திரும்ப வராது.

கவனிக்க வேண்டியவை

அலரிக் காயும் குன்றிமணியும் நஞ்சு. அவற்றைப் பிள்ளைகள் பொறுக்க விடலாகாது. மரமுந்திரிகையின் பச்சைக் கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; மயிர்க்கொட்டிப் புழுவைத் தொடலாகாது. சிறு விதைகளை மூக்கிலும் காதிலும் இட்டுக்கொள்ளும் வயது இது என்பதை மறவற்க. பாடம் முடிந்ததும் சிரட்டைகளை அப்புறப்படுத்துக. தேங்கிய நீரில் ஒரு வாரத்திற்குள் டெங்கு நுளம்பு பெருகிவிடும்.

வீட்டிலுள்ள ஆசிரியை

இப்பாடங்களுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. அறிந்த ஒருவர் வேண்டும். அவர் வீட்டிலேயே இருக்கின்றார். இக்கரையோர ஊர்களில் மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வதே வழக்கமாதலின், பிள்ளைக்கு உம்மம்மா எப்பொழுதும் அண்மையில் உள்ளவர். எந்த இலை எந்நோய்க்கு, எந்தக் காற்று எம்மாதம், எந்தப் பறவைக்கு என்ன பெயர் என்பன அவர் நாவில் உள்ளன, ஏட்டில் இல்லை. மாதத்தில் ஒரு நாளேனும் ஓர் உம்மம்மாவைப் பாலர் பாடசாலைக்கு அழைத்து, பாயில் அமர்த்தி, கதையும் நொடியும் சொல்லச் செய்க. அவர் மறைந்தால் அச்சொற்களும் உடன் மறையும். பிள்ளையின் நாவில் ஏறிவிட்டாலோ இன்னும் அறுபது ஆண்டு வாழும்.

உலகத்து வசந்தங்களைப் பிள்ளைகள் பின்னர் நூல்களில் படிக்கட்டும். பனியையும் டியூலிப்பையும் அறிந்து மகிழட்டும். அதற்குமுன், தம் கைக்கு எட்டும் பூவின் பெயரை அவர்கள் அறிதல் வேண்டும். வரும் மாசியில், பாலர் பாடசாலையின் கதவை அரைமணி நேரம் திறந்து வைக்குமாறு ஆசிரியைமாரையும், மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் "இன்று என்ன எழுதினாய்?" என்பதற்குப் பதிலாக "இன்று என்ன கண்டாய்?" என்று கேட்குமாறு உம்மாமாரையும் வாப்பாமாரையும் அன்புடன் வேண்டுகின்றோம்.