பந்தெறிதலும் உடலுழைப்பும்: பேஸ்போல் எறிநுட்பம் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டத்திலே பந்தெறிபவனின் வேகம் அவனது கையின் தனித்திறன் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்து மேலோட்டமானது. 60 அடி 6 அங்குலத் தொலைவை நோக்கி எறியப்படும் பந்தின் விசை, நிலத்தை உந்தும் காலிலே தோன்றி, இடுப்பு, நடுவுடல், தோள் என்பவற்றினூடாகவே கையை வந்தடைகின்றது. இடுப்புத் திரும்பத் தொடங்கிய பின்னரே தோள் திரும்புதல் வேண்டும். இவ்வொழுங்கு குலையுமிடத்துக் குறைந்த விசையைக் கை ஈடுசெய்ய முனைகின்றது; முழங்கையின் உட்புறத்து எலும்புகளைப் பிணைக்கும் நார் அச்சுமையைத் தாங்க நேரிடுகின்றது.

1974 இல் டொமி ஜோன் என்னும் ஆட்டக்காரரின் சிதைந்த நாருக்குப் பதிலாக, அவரது மறுகையின் தசைநாரை வைத்தியர் பிராங் ஜோப் பொருத்தினார். ஜோன் 1976 இல் மீண்டும் ஆடினார். அன்று புதுமையாயிருந்த அச்சத்திரசிகிச்சை இன்று பதின்பருவத்தினருக்கும் செய்யப்படுகின்றது. நுட்பக் குறைபாடு மாத்திரம் இதற்குக் காரணமன்று. வேகத்துக்கே விலை கூறும் தொழில்முறைச் சந்தை ஓய்வை வீண்பொழுதாக்கிவிட்டது என்பதே நமது கருத்து.

2014 இல் வெளியான 'பிட்ச் ஸ்மார்ட்' நெறிமுறைகள் 11–12 வயதினருக்கு நாளொன்றுக்கு 85 எறிகளை எல்லையாக வகுத்தன. 66 எறிகளோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வும், ஆண்டில் நான்கு மாதமேனும் எறியாதிருத்தலும் வேண்டுமென்றன. ஆயின் சிறுவன் இரு அணிகளுக்கு எறியுமிடத்து, ஒவ்வோர் அணியும் தன் கணக்கை மாத்திரமே நோக்கக்கூடும். எனவே கணக்கு அணிக்குரியதன்று, உடலுக்குரியது. காலையும் நடுவுடலையும் வலுப்படுத்தல், எறிகளைப் படிப்படியாக உயர்த்தல், களைப்புற்றதும் நிறுத்தல் ஆகியனவே பயிற்சியின் அடிப்படைகள். வேலைநாளுக்கு எல்லை கோரிய தொழிலாளர் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.