முதியோரைப் பார்க்கப் போகிறீர்களா? கூடையோடு ஒரு கேள்வியையும் கொண்டு போங்கள்

ஜோர்ஜ்டவுன் - தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு வந்துவிட்டால் முதியோர் இல்லங்களின் வாசலில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். அரிசி, பிஸ்கட், மைலோ, ஆரஞ்சு என்று கூடைகள் குவியும். ஆனால் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகளின் கதவை யாரும் தட்டுவதில்லை. கிடைத்த கூடையும் சில நாள்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு?

ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குச் சென்று முதியோருக்கு உதவும் கிறிஸ்தவத் தொண்டர்களைப் பற்றித் தேவாலயங்களில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். அங்கே உணவுப் பையைவிட அதிகம் தேவைப்படுவது வேறொன்று. கென்யாவை எடுத்துக்கொள்வோம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 2,000 ஷில்லிங் வழங்கும் திட்டம் அங்கு 2018-இல் தொடங்கியது. ஆனால் பணம் கைக்கு வர அடையாள அட்டை வேண்டும், பெயர்ப் பதிவு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குத் துணைக்கு ஆள் இல்லாவிட்டால், திட்டம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நம் ஊர் நிலைமையும் இதற்கு அதிகம் மாறுபட்டதில்லை.

நம் நாட்டில் சமூக நல இலாகா, 'பந்துவான் வர்கா எமாஸ்' எனும் முதியோர் உதவித்தொகையை வழங்குகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இத்தொகை மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 60 வயது நிறைந்த மலேசியக் குடிமக்களில், வருமானமும் பராமரிக்கக் கூடிய குடும்பமும் இல்லாதவர்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

'குடிமக்கள்' என்ற சொல்லில்தான் நம்மவர் பலர் தடுக்கி விழுகிறார்கள். தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் வெட்டியே முதுமை அடைந்தவர்களில் சிலர் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள். 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என 2018 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். இதில் தமக்கு வழி உண்டா என்று விசாரிக்கக்கூட, நடக்க முடியாத ஒருவருக்கு உடன் வர ஆள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீடு தேடிப் போகும் தொண்டர்கள் பயன்படுகிறார்கள். கத்தோலிக்கர்களின் வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரிஸில், பிரெடெரிக் ஓசானம் எனும் 20 வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலும் மலேசியாவிலும் இயங்கும் இச்சபையின் முக்கியப் பணியே வீட்டுச் சந்திப்புதான். உறுப்பினர்கள் இருவர் இருவராகப் போவார்கள். உதவி பெறுபவரின் மதம் பார்ப்பதில்லை.

இருவராகப் போவதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் பாட்டியோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மற்றவர் அவர் அனுமதியோடு மருந்துச் சீட்டையும் மின்கட்டண பில்லையும் பார்க்கலாம். மருந்து தீர்ந்து எத்தனை நாள் ஆயிற்று, கிளினிக்கிற்கு அடுத்து எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

இதைச் செய்ய எந்தச் சபையிலும் சேர வேண்டும் என்பதில்லை. கோயில் நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ, அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கமோ செய்யலாம். சில எளிய வழிகள்:

• "அம்மா, உங்களுக்கு உதவித்தொகை வருகிறதா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அடையாள அட்டை என்ன நிறம், வங்கிக் கணக்கு உண்டா என்று பாருங்கள்.

• பாரத்தை நிரப்பிக் கொடுப்பதோடு நிற்காமல், அலுவலகம் வரை உடன் செல்லுங்கள்.

• வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

• படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உதவி கேட்டு நிற்கும் முகத்தை ஊரார் பார்ப்பதை எந்தப் பெரியவரும் விரும்பமாட்டார்.

• பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட முதியவரைக் கண்டால் 15999 'தாலியான் காசே' எண்ணுக்கு அழைக்கலாம்.

புறப்படும்போது அடுத்து எந்த நாளில் வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் போய்விடுங்கள். அந்தப் பாட்டி காலையிலிருந்தே கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.