மலையேற அனுமதித்தால் மீட்கவும் கருவி வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டி கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்பு என்று வரிசையாக ஊர்கள். பிளவக்கல் அணையைப் பார்க்க வருகிறவர்களும், தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்களும் இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும். ஆடி அமாவாசைக்கு மட்டும் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். இந்த மலைக்காடு 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வாசலில் சோதனைச் சாவடி, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரக் கட்டுப்பாடு என்று எல்லாமே அரசின் கையில் இருக்கிறது. உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறவர்களுக்கு, உள்ளே போனவரை உயிரோடு வெளியே கொண்டுவரும் கடமையும் உண்டு. அந்தக் கடமைக்கென்று ஆண்டுதோறும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். மழை பெய்வது உச்சியில். கீழே பாறை காய்ந்துதான் கிடக்கும். கால் நனையாமல் தாண்டிய ஓடை, திரும்பி வரும்போது ஆளை உருட்டித் தள்ளும் வேகத்தில் ஓடும். அக்கரையில் நிற்பவரை இக்கரைக்குக் கொண்டுவர, பளுவைத் தாங்கும் மீட்புக் கயிறு, அதை மரத்திலோ பாறையிலோ பிணைக்கும் கொக்கிகள், இடுப்பு வார், லைஃப் ஜாக்கெட், தலைக்கவசம் வேண்டும். செல்போன் சிக்னல் கிடைக்காத பள்ளங்களில் வாக்கிடாக்கி வேண்டும். காலை முறித்துக்கொண்டவரை வழுக்குப்பாறை வழியாக டோலி கட்டித் தூக்கிவருவது எத்தனை தோள்கள் மாறும் வேலை என்பது அடிவாரத்து ஆட்களுக்குத் தெரியும். மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய ஸ்ட்ரெச்சர் இருந்தால் அடிபட்டவரின் முதுகெலும்பாவது மேலும் குலுங்காமல் இருக்கும். ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர்களும் உண்டு. இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோனால், மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி வந்துசேரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். ஜப்பானில் 2004 முதல் பொதுமக்களே இந்தக் கருவியை இயக்கலாம். பாதையில் இரண்டு மூன்று இடங்களில் வைத்தாலே இங்கும் உயிர்கள் மிஞ்சும்.

பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீ 23 பேரைப் பலி கொண்டது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் மறுநாள் காலையில் மீட்புப் பணியில் ஈடுபட்டன. ஆனால் தீக்காயம் பட்டவர்களுக்கு முதலில் ஓடிவந்து உதவியவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள். முதல் சில மணி நேரத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உதவும்.

பணத்துக்கு எங்கே போவது? சட்டத்திலேயே வழி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட 38எக்ஸ் பிரிவு, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்கச் சொல்கிறது. காப்பகத்தில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தை அங்கேயே திருப்பிச் செலவிட அது இடம் தருகிறது. பேரிடர் நிதியிலும் 15ஆவது நிதிக்குழு, முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும் 10 சதவீதம் ஒதுக்கப் பரிந்துரைத்தது. கோயிலை நிர்வகிக்கும் அறநிலையத் துறைக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். பக்தர்கள் வருவது அந்தக் கோயிலுக்காகத்தானே.

மழை வந்தால் பாதையை மூடிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மூடத்தான் வேண்டும். 2015க்குப் பிறகு பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷ நாட்களில் மட்டுமே அனுமதித்ததும், மழை எச்சரிக்கை வந்தால் அதையும் ரத்து செய்ததும் நியாயமான முடிவுதான். ஆனால் காலையில் வெயிலில் ஏறிப் போனவரை, மாலையில் பெய்யும் மழைக்குப் பூட்டும் வாசல் காப்பாற்றாது. தீயணைப்புத் துறை இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. அந்த வீரர்களின் துணிச்சலில் குறையில்லை. ஆனால் அவர்களுடைய வண்டி தாணிப்பாறை வரைதான் வரும். அதற்கு மேல் அவர்களும் நடந்துதான் ஏற வேண்டும். கருவி மேலே இருந்தால் அந்த நேரம் மிச்சம்.

வாங்கிப் போட்டதெல்லாம் அறையில் கிடந்து வீணாகும் என்ற மூன்றாவது சந்தேகத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த கயிறு ஒருநாள் அறுந்து ஆளையே பலி வாங்கும். ஏ.இ.டி.யின் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. ஆகவே ஒரே தவணையில் கொடுத்துவிட்டு, திறப்பு விழா நடத்தி, மறந்துபோகும் நிதி இதற்கு ஆகாது. கருவிக்கு ஒதுக்கும்போதே பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். தாணிப்பாறையில் வாழும் பளியர் குடும்பங்களுக்கு இந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். அவர்களில் விருப்பமுள்ள இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து மீட்புக் குழுவாக அமர்த்தலாம். ஆபத்து நேரத்தில் மட்டும் கூப்பிட்டு, சும்மா உழைக்கச் சொல்வது அநியாயம்.

புலிகள் காப்பக அறக்கட்டளையும் மாவட்ட நிர்வாகமும் அறநிலையத் துறையும் அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் கூடி, யார் எவ்வளவு தருவது என்று எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். வாங்கிய கருவிகளின் பட்டியலையும், கடைசியாகச் சோதித்த தேதியையும் தாணிப்பாறை வாசலில் எல்லாரும் படிக்கும்படி எழுதி வையுங்கள்.