உலகில் வாழும் உரிமை

தெரு எவருக்கு உரியது? இவ்வினாவை எழுப்பினால், எல்லோர்க்கும் உரியது என்று எவரும் தயங்காது விடையிறுப்பர். ஆயினும், சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்போமாயின், அவ்விடை நெடுங்காலம் முழு உண்மையாய் இருந்ததில்லை என்பது புலனாகும். கண்ணொளி உடையவர்க்கும் கால்வலி உடையவர்க்கும் அமைந்ததாகவே நீதிமன்றங்கள் பல தெருவைக் கருதி வந்தன. அங்ஙனமே, பேசும் உரிமை எல்லோர்க்கும் உண்டெனச் சாசனங்கள் முழங்கினும், பிறர் தரும் ஊதியத்தையோ உதவிப்பணத்தையோ நம்பி வாழ்பவன் அவரைக் குறைகூறத் துணியும்போதுதான் அவ்வுரிமையின் உண்மையான வலிமை தெரியவரும். நடமாடும் உரிமையும் வாய்திறந்து பேசும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒன்று சாய்ந்தால் மற்றதும் சாயும். இவ்வுண்மையைச் சட்டத்தின் மொழியிலே எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜக்கோபஸ் டென்புறூக் ஆவர்.

டென்புறூக் 1911ஆம் ஆண்டு கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலே, ஒல்லாந்தர் வழிவந்த குடியானவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். ஏழு வயதிலே, வில்லும் அம்பும் கொண்டு விளையாடியபோது நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். பதினான்காம் வயதளவில் மற்றைக் கண்ணின் ஒளியும் அவிந்தது. கலிபோர்னியாவிலுள்ள விழிப்புலனற்றோர் பாடசாலையிலே அவர் சேர்ந்தபோது, அங்கே நியூவெல் பெரி என்னும் ஆசிரியர் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். பெரியும் பார்வையற்றவரே. சூரிச் நகரிலே கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தும், பல்கலைக்கழகக் கதவுகள் தமக்குத் திறக்கப்படாமையைக் கண்டவர் அவர். திறமை போதாமையன்று, திறமையைக் காண மறுக்கும் மனப்பான்மையே தடை என்னும் பாடத்தை மாணவர் ஆசிரியரது வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொண்டார். பின்னர் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே வரலாற்றையும் சட்டத்தையும் பயின்று உயர்பட்டங்கள் பெற்று, 1942இல் அங்கேயே ஆசிரியரானார்.

அதற்கு முன்னரே, 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பென்சில்வேனியா மாநிலத்து வில்க்ஸ்பாரி நகரிலே, ஏழு மாநிலங்களைச் சேர்ந்த பார்வையற்றோர் ஒன்றுகூடித் தேசிய விழிப்புலனற்றோர் சம்மேளனத்தை நிறுவினர். அதன் முதற் தலைவர் டென்புறூக். விழிப்புலனற்றோருக்கான சங்கங்கள் அந்நாட்டில் முன்னரே பல இருந்தன. அவற்றை நடத்தியவர்களோ பெரும்பாலும் பார்வையுடையோர். புதிய சம்மேளனம் விழிப்புலனற்றோருக்கானதன்று, விழிப்புலனற்றோருடையது. ‘ஆன’ என்பதற்கும் ‘உடைய’ என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமன்று. முன்னையதிலே ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் வாங்குகிறார். பின்னையதிலோ உரியவர் தாமே பேசுகிறார்.

இங்ஙனம் பேசத் தொடங்கியவுடன் எதிர்ப்பும் தொடங்கியது. பார்வையற்றோரிற் பலர் தொண்டு நிலையங்கள் நடத்திய தொழிற்கூடங்களிலே விளக்குமாறும் கூடையும் செய்து குறைந்த கூலி பெற்று வந்தனர். வேறு சிலர் அரசாங்கத்தின் உதவிப்பணத்தை நம்பியிருந்தனர். சம்மேளனத்திற் சேர்ந்தால் வேலை போய்விடுமோ, உதவி நின்றுவிடுமோ என்னும் அச்சம் அவர்களை வாட்டியது. பேச்சுரிமை அரசியற் சாசனத்தில் எழுதப்பட்டிருந்தும், பேசுபவனது உணவுக் கலம் பிறர் கையில் இருந்தமையால் அவ்வெழுத்துப் பயன்தரவில்லை.

இக்குறையை நீக்கும் நோக்கத்துடன், அக்காலத்தில் செனற்சபை உறுப்பினராயிருந்த ஜோன் கென்னடி 1957ஆம் ஆண்டில் ஒரு மசோதாவைச் சமர்ப்பித்தார். நெவாடா மாநிலத்தவரான வோல்டர் பாரிங் பிரதிநிதிகள் சபையிலே அதனையொத்த மசோதாவைக் கொண்டுவந்தார். பார்வையற்றோர் நலன்பற்றிய திட்டங்களை வகுக்கும்போது அவர்தம் சங்கங்களைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்பதும், அவர்கள் சங்கம் அமைப்பதற்கு அரசாங்கப் பணம் பெறும் நிலையங்கள் இடையூறு செய்தலாகாது என்பதும் அம்மசோதாவின் சாரம். 1959இல் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின் முன்னிலையில் சாட்சியங்கள் கேட்கப்பட்டன. மசோதா சட்டமாகவில்லை. ஆயினும் அதுவரை காதும் காதும் வைத்தாற்போற் பேசப்பட்ட குறைகள், நாட்டின் சட்டமன்றப் பதிவேட்டிலே இடம்பெற்றன.

டென்புறூக் விழிப்புலனற்றோரின் வழக்கை மட்டும் வாதாடியவர் அல்லர். 1949ஆம் ஆண்டில் ஜோசெப் ரஸ்மன் என்பாருடன் சேர்ந்து, சட்டத்தின் சமபாதுகாப்பு என்னும் பொருள்பற்றி அவர் எழுதிய கட்டுரை அமெரிக்கச் சட்டக் கல்வியிலே நிலையான இடம்பெற்றது. சட்டம் மக்களை வகைப்படுத்தாமல் இயங்க இயலாது. ஆனால் ஒரு வகுப்பை வகுக்கும்போது, அவ்வகுப்புக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருத்தம் இருத்தல் வேண்டும். தீமையோடு தொடர்பற்றவரையும் உள்ளே இழுத்தால் அது மிகைபடுதல். தொடர்புடையவரை வெளியே விட்டால் அது குறைபடுதல். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், வாகனம் ஓட்டும் அனுமதியைப் பார்வையற்றோர்க்கு மறுப்பது பொருந்தும். ஆசிரியத் தொழிலை மறுப்பது பொருந்துமா? பொருந்தாது என்பது எளிதிற் புலனாகும். 1954இல் வேறிருவருடன் அவர் வெளியிட்ட நூலொன்று, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிறப்பொன்றையே காரணமாகக் கொண்டு முகாம்களில் அடைக்கப்பட்ட கொடுமையை இதே அளவுகோலால் ஆராய்ந்தது.

இனி, தெருவின் கதைக்கு வருவோம். தீங்கியற் சட்டம் என்பது, ஒருவரது கவலையீனத்தால் மற்றொருவர்க்கு ஊறு நேரும்போது நட்டஈடு பெறுவதற்கு வழிவகுக்கும் சட்டமாகும். கவலையீனம் உண்டா இல்லையா என்பதை அளப்பதற்கு, ‘நியாயமான மனிதன்’ என்னும் கற்பனை மாந்தன் ஒருவனை நீதிமன்றங்கள் துணைக்கொள்ளும். நியாயமான மனிதன் தெருவிலே குழி தோண்டினால் எத்தகைய காவல் வைப்பான்? நியாயமான மனிதன் அக்குழியைக் கண்டால் எங்ஙனம் விலகுவான்? இவ்வினாக்களிலே மறைந்து கிடக்கும் அனுமானம் ஒன்றுண்டு. அந்நியாயமான மனிதனுக்கு எப்போதும் இரண்டு கண்கள் உள்ளன.

இவ்வனுமானத்தை உடைத்த வழக்குகளிலே புகழ்பெற்றது, இலண்டன் மின்சார சபைக்கு எதிரான ஹேலி வழக்கு. 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒருநாட் காலை, இலண்டனின் தென்கிழக்குப் பகுதியான வூல்விச்சிலே பார்வையற்ற ஒருவர் வெண்கோலின் துணையுடன் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். மின்சார சபையின் தொழிலாளர் நடைபாதையிலே பள்ளம் தோண்டியிருந்தனர். அதன் ஒரு முனையிலே, மண் இடிக்கும் நீண்ட பிடியுள்ள கருவியொன்றைத் தடையாகச் சாய்த்து வைத்திருந்தனர். அதன் ஒரு தலை நிலத்திலும், மறுதலை பக்கத்து வேலிக் கம்பியிலும் பொருந்தியிருந்தது. கண்ணுள்ளவர்க்கு அது போதிய எச்சரிக்கை. கோலாற் தடவிச் செல்பவர்க்கோ அது ஒரு கண்ணி. அவரது கோல் அக்கருவியிற் படவில்லை; கால் இடறியது. வீழ்ந்தமையால் அவர் செவிப்புலனையும் இழந்தார். கண்ணில்லாதவர்க்குக் காது எத்தகைய செல்வம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விசாரணை நீதிமன்றிலும் மேன்முறையீட்டு நீதிமன்றிலும் அவர் தோற்றார். கண்ணுள்ளவர்க்குப் போதிய காவல் இருந்ததாகலின் சபையிற் குற்றமில்லை என்பதே அம்மன்றுகளின் முடிபு. வழக்கு பிரபுக்கள் சபைக்குச் சென்றது. இங்கிலாந்து முழுவதிலும் ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு ஒருவர் பார்வையற்றவர் என்னும் புள்ளிவிவரம் அங்கே ஆராயப்பட்டது. தபால் இலாகாவினர் இத்தகைய பள்ளங்களைச் சுற்றி இரண்டடி உயரமுள்ள இலேசான வேலிகளை வைப்பது வழக்கம் என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது. பார்வையற்றோர் தனியே நடைபாதையிற் செல்வது அன்றாடக் காட்சி. அது முன்கூட்டி எதிர்பார்க்கத்தக்கது. அவரைக் காக்கும் வழியும் அரியதன்று. ஆகவே அவர்க்கும் காவல் செய்யும் கடமை உண்டு என 1964ஆம் ஆண்டில் பிரபுக்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இரண்டாண்டுகளின் பின், 1966இல், டென்புறூக் தமது புகழ்பெற்ற கட்டுரையைக் கலிபோர்னியாச் சட்ட ஏட்டிலே வெளியிட்டார். அதன் தலைப்பு ‘உலகில் வாழும் உரிமை’ என்பதாகும். அமெரிக்க மாநிலங்களின் தீங்கியற் தீர்ப்புகளைத் திரட்டி ஆராய்ந்த அவர், இருவேறு கொள்கைகள் அவற்றில் முட்டிமோதுவதைக் காட்டினார். இயலாமையுடையோரைக் காப்பகங்களில் ஒதுக்கிவைத்துப் பேணுவதே நலமெனக் கொள்வது ஒன்று. அவர்கள் எல்லோருடனும் கலந்து, தெருவிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் தமக்குரிய பங்கைப் பெறுதல் வேண்டும் எனக் கொள்வது மற்றொன்று. சட்டமன்றங்கள் இரண்டாம் கொள்கையை ஏற்றுக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப் பணம் ஒதுக்குகின்றன. நீதிமன்றங்களோ, வீட்டைவிட்டு வெளியே வந்ததையே அவர்மீது குற்றமாகச் சாட்டுகின்றன. தொழில் கற்றவன் தொழிலகத்துக்கு நடந்து செல்ல உரிமையில்லையாயின், கற்ற கல்வியால் ஆவதென்ன?

அவ்வாண்டிலேயே முன்மாதிரி வெண்கோற் சட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. அதிலே நுட்பமான ஒரு விதி உண்டு. வெண்கோல் ஏந்தியவர்க்கு வாகனங்கள் வழிவிடல் வேண்டும் என்று மட்டும் கூறியிருந்தால், கோல் ஏந்தாதவர் விபத்துக்குள்ளாகும்போது, குற்றம் அவருடையதே என எதிராளி வாதிப்பான். காக்க வந்த கோலே தண்டிக்கும் கோலாய்விடும். ஆகவே, கோல் ஏந்தாமை கவலையீனத்துக்குச் சான்றாகாது என்று அம்மாதிரிச் சட்டம் வெளிப்படையாகக் கூறிற்று. பல மாநிலங்கள் அதனைத் தழுவிச் சட்டங்கள் இயற்றின.

பேச்சுக்கும் மனச்சான்றுக்கும் உரிய சோதனையும் அக்காலத்திலேயே வந்தது. 1963ஆம் ஆண்டு ஜனவரியில், கலிபோர்னியாவின் அலமீடாப் பிரிவிலே, உதவிப்பணம் பெறும் தாய்மாரின் வீடுகளை விடியுமுன்னர் திடீரெனச் சோதனையிடும்படி சமூகசேவை உத்தியோகத்தர்க்குக் கட்டளை பிறந்தது. ஒருவர் முன்வாயிலிலும் ஒருவர் பின்வாயிலிலும் நின்று, வீட்டினுள் ஆடவர் எவரேனும் உளரோ என்று பார்த்தல் வேண்டும். பார்வையற்ற உத்தியோகத்தர் ஒருவர், இஃது அரசியற் சாசனத்துக்கு முரணானது எனக் கூறிக் கட்டளையை மறுத்தார். கீழ்ப்படியாமைக் குற்றஞ்சாட்டி அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1967இல் கலிபோர்னியா உயர்நீதிமன்றம் அவர் கூற்றே சரியெனத் தீர்த்து, அவரை மீண்டும் பணியில் அமர்த்திச் சம்பள நிலுவையையும் கொடுக்கும்படி பணித்தது. உதவி பெறுபவள் என்பதனால் ஒரு தாய் தன் வீட்டுக் கதவின் மீதுள்ள உரிமையை இழப்பதில்லை. சம்பளம் பெறுபவன் என்பதனால் ஓர் உத்தியோகத்தன் சட்டத்துக்கு மாறானதைச் செய்யக் கடமைப்பட்டவன் அல்லன்.

டென்புறூக் 1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே காலமானார். எனினும் சம்மேளனத்தின் வழக்குகள் நின்றுவிடவில்லை. அச்சங்கத்தின் வட கரோலினாக் கிளை முதலியோர் தொடுத்த வழக்கொன்று 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலே முடிவுற்றது. தருமக் காரியங்களுக்குப் பணந்திரட்டும் தொழிலாளர் பெறும் கட்டணம் இருபது வீதத்துக்கு உட்பட்டால் நியாயமானது, முப்பத்தைந்து வீதத்தைத் தாண்டின் நியாயமற்றதென ஊகிக்கப்படும் என அம்மாநிலச் சட்டம் விதித்தது. திரட்டிய பணத்தில் எத்தனை வீதம் தருமத்துக்குச் சென்றதென்பதைப் பணம் கேட்குமுன்னரே சொல்லுதல் வேண்டும் என்றும் பணித்தது. மோசடியைத் தடுப்பதே அதன் நோக்கம், அந்நோக்கம் நல்லதே. ஆனால், பணம் கேட்பவர் தம் கொள்கையையும் எடுத்துரைக்கின்றார். மக்கள் அறியாத புதுக் கொள்கையுடைய சங்கத்துக்குச் செலவு மிகுதியாவது இயல்பு. ஆதலின் அவ்விதிகள் பேச்சுரிமையைப் பாதிக்கும் என நீதிமன்றம் கண்டது. பேச்சுரிமை என்பது எதனைச் சொல்வது என்பதோடு எதனைச் சொல்லாதிருப்பது என்பதையும் அடக்கியது. மோசடியைத் தண்டிக்க வேறு சட்டங்கள் உள. கணக்கு விவரங்களை அரசாங்கமே வெளியிடலாம் என்பது தீர்ப்பின் சுருக்கம்.

பேசும் உரிமைக்கு மறுபுறம் அறியும் உரிமை. நூலைப் படிக்க இயலாதவன் எதனைக் கொண்டு பேசுவான்? பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து இலட்சக்கணக்கான நூல்களைக் கணினிப் பிரதிகளாக்கியபோது, பதிப்புரிமை மீறப்பட்டதென எழுத்தாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. சம்மேளனமும் அவ்வழக்கில் இடைபுகுந்தது. அச்செழுத்தைப் படிக்க இயலாதார்க்கு அப்பிரதிகளை வழங்குதல் நியாயமான பயன்பாடே என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. உலக நாடுகளோ அதற்கு ஓராண்டு முன்னரே, 2013இல், மொரொக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரிலே இதே நோக்குடன் உடன்படிக்கை ஒன்றைச் செய்திருந்தன. எழுத்தாளரின் அனுமதியை ஒவ்வொரு முறையும் வேண்டிநில்லாது நூல்களைப் புடையெழுத்திலும் ஒலிவடிவிலும் ஆக்கவும், நாடுவிட்டு நாடு அனுப்பவும் அது வழிசெய்கிறது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 2016இல் சேர்ந்தது.

ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட இயலாமையுடையோர் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை 2016இலேயே உறுதிப்படுத்தியது. சமூகத்திற் கலந்து வாழும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரையும், கருத்தை வெளியிடும் உரிமையையும் தகவல் பெறும் உரிமையையும் 21ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. இந்நாட்டிலே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் முன்னரே உண்டு. ஆயினும், சட்டம் இயற்றப்படுதல் ஒன்று. அதனைக் கையில் ஏந்திக்கொண்டு மன்றேறுபவர் இருத்தல் மற்றொன்று. வூல்விச்சிலே இடறிவீழ்ந்தவர் இரண்டு மன்றுகளில் தோற்றபின்னும் மூன்றாம் மன்றுக்குச் சென்றமையாலன்றோ நடைபாதையின் சட்டம் திருந்திற்று!

இரண்டடி உயர வேலியொன்றின் விலை மிகச் சிறிது. அதனை வைப்பதற்குப் பணம் தடையாய் இருந்ததில்லை. அவ்வழியே பார்வையற்றவர் ஒருவர் தனியே வருவார் என்னும் நினைப்பு இன்மையே தடையாய் இருந்தது. அந்நினைப்பை ஊட்டுதற்கு, அவர் தெருவிலே காணப்படுதலும் வேண்டும், மன்றிலே கேட்கப்படுதலும் வேண்டும்.