மஞ்சள் தீ என்ன சொல்கிறது? ஹோட்டல் கேஸ் அடுப்பு பராமரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

ஒரு ஹோட்டல் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று தெரிந்துகொள்ள அடுப்பைப் பார்க்க வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் சாம்பார் அண்டாவின் அடிப்பகுதியைப் பார்த்தால் போதும். அடி பளிச்சென்று இருந்தால் அடுப்பு நலம். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுகிற கரி படிந்திருந்தால், அந்த அடுப்பு கேஸை முழுசாக எரிக்கவில்லை. விறகடுப்புக் காலத்தில் கரி இயல்பான விஷயம். கேஸ் அடுப்பில் கரி என்பது ஒரு புகார் மனு.

ஆனால் பெரும்பாலான சமையல்கட்டுகளில் அந்தப் புகார் போய்ச் சேருவது பாத்திரம் தேய்ப்பவரிடம்தான். "நல்லா அழுத்தித் தேய்ப்பா" என்று முடித்துவிடுவார்கள். அடுப்பைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. கரி எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நிறுத்துவது, நிறுத்தாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கேஸ் குறைவு, காற்றுதான் அதிகம்

சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எரிவாயு. ஒரு பங்கு புரொப்பேன் முழுசாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான் என்பதால், காற்றுக் கணக்கில் அது சுமார் 24 பங்கு ஆகிறது. பியூட்டேனுக்கு சுமார் 31 பங்கு. அதாவது நாம் எரிப்பதாக நினைப்பது கேஸை; உண்மையில் அடுப்புக்குள் போவதில் பெரும்பகுதி காற்று. பராமரிப்பு என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, இந்தக் காற்றின் வழியை அடைக்காமல் வைத்திருப்பதுதான்.

இந்தக் காற்று எப்படி உள்ளே போகிறது? மோட்டார், ஃபேன் எதுவும் கிடையாது. ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் நடுவில் ஊசிமுனை போல ஒரு துளை. அதிலிருந்து வேகமாகச் சீறி வருகிற கேஸ், பக்கத்தில் இருக்கிற காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பர்னர் குழாய்க்குள் போகிறது. குழாயில் இரண்டும் கலந்து, பர்னர் தலையில் உள்ள துளைகள் வழியே வந்து எரிகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 1855-இல் ராபர்ட் புன்சன் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஆய்வக பர்னரின் தத்துவமும் இதேதான். பள்ளிக்கூட லேபில் பார்த்த அந்த பர்னரின் அண்ணன்தான் டீக்கடை அடுப்பு.

காற்று போதுமான அளவு கலந்தால் தீ நீலமாக, கூர்மையாக, ஒரே சீரான சத்தத்தோடு எரியும். காற்று குறைந்தால் எரியாத கார்பன் துகள்கள் சூட்டில் தகதகவென்று ஒளிரும். அந்த ஒளிதான் மஞ்சள். அதே துகள்கள்தான் ஆறிப்போய் அண்டாவின் அடியில் கரியாகப் படிகின்றன.

இங்கே ஒரு விதிவிலக்கு. சாம்பாரோ ரசமோ பொங்கி வழிந்த பிறகும் தீ மஞ்சளாக, ஆரஞ்சாக மாறும். அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். புன்சனும் கிர்க்காஃபும் தனிமங்களை அடையாளம் காண இப்படிப்பட்ட தீ நிறங்களைத்தான் பயன்படுத்தினார்கள். உப்பு எரிந்து தீர்ந்ததும் அந்த மஞ்சள் போய்விடும், கரி படியாது. சந்தேகம் இருந்தால், தேய்த்துத் துடைத்த ஒரு பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் தீயில் வைத்து எடுத்துப் பாருங்கள். அடி கறுத்தால் காற்றுப் பிரச்சினை. கறுக்காவிட்டால் உப்பு.

அடைப்பு எங்கே?

தீ கெட்டுப்போவதற்குப் பொதுவாக மூன்று இடங்கள் காரணம்.

முதலாவது, பர்னர் தலை. வழிந்த பால், கஞ்சித் தண்ணீர், எண்ணெய், மாவு எல்லாம் துளைகளில் காய்ந்து கல்லாகிவிடும். துளை அடைந்தால் கலவை வெளியேற வழி குறைகிறது. உள்ளே எதிர் அழுத்தம் கூடுகிறது. ஜெட் இழுக்கிற காற்று குறைகிறது. அதனால்தான் பத்து துளை அடைந்தால், மீதி துளைகளிலும் தீ மஞ்சளாகிறது.

இரண்டாவது, காற்று நுழையும் வாயும் குழாயும். சமையல்கட்டுக் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசும் எப்போதும் மிதக்கும். ஜெட் அதையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. நாலைந்து மாதத்தில் குழாயின் உட்சுவரில் ஒட்டடை போல ஒரு படலம் சேரும். கொஞ்ச நாள் பயன்படுத்தாத அடுப்பாக இருந்தால் சிலந்தி வலை, கரப்பான் பூச்சி எல்லாம் குடியிருக்கும்.

மூன்றாவது, ஜெட். இதில் தூசு அடைத்தால் தீ சிறுத்துவிடும். சில சமயம் கேஸ் கோணலாகச் சீறி ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "பின்னை விட்டுக் குத்துப்பா, சரியாயிடும்" என்பார்கள். உடனே தீ பெரிசாகும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பித்தளை மென்மையான உலோகம். இரும்பு ஊசி அதன் துளையைப் பெரிதாக்கிவிடும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் துளை 1.2 மில்லிமீட்டர் ஆனால், பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. கேஸும் ஏறக்குறைய அந்த அளவு கூடப் போகும். இழுக்கப்படும் காற்று அதே விகிதத்தில் கூடாது. விளைவு: பெரிய தீ, மஞ்சள் தீ, கரி, சீக்கிரம் தீர்கிற சிலிண்டர். ஜெட்டைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் அதே அளவில் புது ஜெட் போடுங்கள். அது சின்னச் செலவுதான்.

கழற்றிக் கழுவும் முறை

சிலிண்டர் வால்வை முதலில் மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து, தீ தானாக அணைந்த பிறகு அடுப்புக் குமிழை மூடுங்கள். இரவு கடை சாத்தும்போதும் இதே வரிசைதான். குமிழை மட்டும் மூடிவிட்டுப் போனால், டியூப் முழுக்க அழுத்தத்தோடு கேஸ் விடியும் வரை காத்திருக்கும். ஹோட்டலில் எலி இல்லாத இரவு எது?

அடுப்பு முழுசாக ஆற வேண்டும். சூடான வார்ப்பிரும்பு பர்னரில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ஊற்றுகிறவர் கையும் வேகும்.

வார்ப்பிரும்புத் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளை அதே அளவு கம்பியால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். துளையை ட்ரில் போட்டுப் பெரிதாக்கக் கூடாது. துளை பெரிதானால் கலவை வெளியேறும் வேகம் குறையும். தீ உள்ளே பின்வாங்கி, ஜெட் முனையிலேயே எரிய ஆரம்பிக்கும். "பட்"டென்று ஒரு சத்தம், அப்புறம் அடுப்புக்கு உள்ளிருந்து ஒரு உறுமல் கேட்டால் அதுதான் நடந்திருக்கிறது. உடனே மூடிவிட்டு, ஆறவைத்துப் பார்க்க வேண்டும்.

பித்தளை மூடிக்குப் புளித் தண்ணீரே போதும். விளக்கு தேய்க்கிற அதே முறை. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரில் வாஷிங் சோடா நன்றாக வேலை செய்யும். ஆனால் அலுமினியப் பாகங்களை அதில் போடாதீர்கள், சோடா அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினியக் குழாயாக இருந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போதும். குழாயின் உள்ளே பாட்டில் கழுவுகிற நீளமான பிரஷ்ஷை விட்டு எடுக்கலாம்.

கழுவின பிறகு நன்றாகக் காய வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு மாட்டினால் துளைகளில் தண்ணீர் நின்று தீ விட்டுவிட்டு எரியும். வார்ப்பிரும்பு துருப்பிடித்து மறுபடியும் துளை அடையும். இரவில் கழற்றிக் கழுவி, காலையில் மாட்டுவது நல்லது. ஒரு செட் பர்னர் தலை கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால் அவசரமே இல்லை.

மாட்டி முடித்ததும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்தச் சோதனையில் கசிவு நிச்சயம் தெரியும். சோதித்தவர் நிலைதான் நிச்சயமில்லை. குமிழ் இறுக்கமாகிவிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சூட்டில் அது பிசினாகி இன்னும் இறுகும். வால்வுக்கென்று சூடு தாங்கும் கிரீஸ் இருக்கிறது. அதை மெக்கானிக் போடட்டும். ரெகுலேட்டரை எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டாம்.

சிலிண்டரில் பனி

கூட்டம் அதிகமான நேரத்தில் சிலிண்டர் வெளிப்பக்கம் பனி படிந்து, தீ மெலிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். "கேஸ் சரியில்ல, கலப்படம்" என்று பழி சொல்வார்கள். உள்ளே இருப்பது திரவம். அது வாயுவாக மாற ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது சிலிண்டர் சுவர் வழியே சுற்றுப்புறக் காற்றிலிருந்து எடுக்கிறது. ஒரே 19 கிலோ சிலிண்டரில் நாலு பெரிய அடுப்பை மாட்டினால், வெப்பம் வந்து சேரும் வேகத்தைவிட கேஸ் இழுக்கும் வேகம் கூடுகிறது. சிலிண்டர் குளிர்கிறது, அழுத்தம் குறைகிறது.

இதற்கு வைத்தியம், இரண்டு மூன்று சிலிண்டர்களை ஒரே மேனிஃபோல்டில் இணைப்பது. சிலிண்டரைச் சூடு காட்டுவதும் படுக்கப் போடுவதும் வைத்தியம் ஆகாது. படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியே வரும். அந்தத் திரவம் வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். அடுப்பில் வருவது தீயாக இருக்காது, தீப்பிழம்பாக இருக்கும்.

தலைவலிக்குக் காரணம் வெயிலா?

இதுவரை சொன்னது காசுக் கணக்கு. தினம் ஒரு சிலிண்டர் செலவாகிற கடையில் பத்தில் ஒரு பங்கு வீணானால், மாதம் மூன்று சிலிண்டர். அதை முதலாளி எப்படியாவது தாங்கிக்கொள்வார். தாங்க முடியாத கணக்கு வேறொன்று இருக்கிறது.

காற்று குறைந்து எரிகிற தீ, கரியோடு கார்பன் மோனாக்சைடையும் தருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் அது தீயில் எரிந்துபோய்விடும். எனவே கெட்ட தீயை மூக்கு எச்சரிக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி உணர்வு, இவைதான் ஆரம்ப அறிகுறிகள். தினம் பன்னிரண்டு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிற மாஸ்டர் இவற்றை என்னவென்று சொல்வார்? "சூடுங்க, வேற ஒண்ணுமில்ல." ஒரு மாத்திரை, ஒரு டீ, மறுபடி அடுப்பு.

கரண்ட் பில்லுக்குப் பயந்து எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி வைக்கிற கடைகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு. அடுப்பு எரிகிற வரை ஃபேன் ஓட வேண்டும். புகைக்கூண்டின் ஃபில்டரைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துக் கழுவவில்லை என்றால், ஃபேன் ஓடியும் காற்று போகாது. போதாக்குறைக்கு அங்கே சேர்ந்த எண்ணெய் ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

யார், எப்போது?

ஒரு எளிய அட்டவணை:

தினமும்: கடை சாத்தியபின் வழிந்ததைத் துடைப்பது, சிலிண்டர் வால்வை மூடுவது, காலையில் முதல் தீயின் நிறத்தைப் பார்ப்பது.

வாரம் ஒருமுறை: பர்னர் தலை, புகைக்கூண்டு ஃபில்டர் ஆகியவற்றைக் கழுவுவது, டியூபில் வெடிப்போ எலிக்கடியோ இருக்கிறதா என்று பார்ப்பது, சோப்பு நுரைச் சோதனை.

மாதம் ஒருமுறை: குழாயின் உள்ளே சுத்தம் செய்வது, ஜெட்டைப் பார்ப்பது, டியூபில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்ப்பது.

இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது சுலபம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, எல்லோரும் கிளம்பிய பிறகு, கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் "அடுப்பையும் கழுவிட்டுப் படு" என்று சொன்னால் எதுவும் நடக்காது. அவன் சூடான பர்னரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தூங்கப் போவான்; அவனைக் குறை சொல்ல முடியாது. அடுப்பைக் கழுவுவது சமையல் வேலையின் ஒரு பகுதி. அதற்குச் சம்பளம் கொடுக்கிற அரை மணி நேரம் வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், இன்னார் பொறுப்பு என்று ஒரு பெயர் வேண்டும்.

கேஸ் வாசனை வந்தால் செய்ய வேண்டியதையும் அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எரிகிற அடுப்பை எல்லாம் அணைத்து, வால்வை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வர வேண்டும். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அந்த எண்ணை அடுப்படிச் சுவரில், அவனால் படிக்க முடிகிற மொழியில் எழுதிவையுங்கள். பல கடைகளில் இன்று அது தமிழாக மட்டும் இருந்தால் போதாது.